எழுத்தால் ஒரு சுடோகு: விளையாட்டா, மொழிப் பயிற்சியா?

சுடோகு என்றவுடன் நம் மாணவர்களுக்கு எண்கள்தாம் நினைவுக்கு வரும். குறுக்கே ஒன்பது வரிசை, நெடுக்கே ஒன்பது வரிசை, மும்மூன்று கட்டங்களாகச் சேர்த்த ஒன்பது பெட்டிகள். ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள எண்களில் எதுவும் ஒரு வரிசையிலோ ஒரு பெட்டியிலோ இருமுறை வரக்கூடாது. சட்டம் அவ்வளவுதான். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்த் திரும்புவோர் கடற்பாலத்து நெரிசலில் பேருந்துக்குள் இதைப் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். விரிவுரை சலித்துப்போகும்போது கடைசி வரிசையில் அமர்ந்து போடும் நண்பர்களையும் நீங்கள் அறிவீர்கள்.

இந்த எண்களை எடுத்துவிட்டுத் தமிழ் எழுத்துகளை வைத்தால் என்ன? சில ஆண்டுகளாக ஓய்வு நேரத்தில் நான் இந்த வேலையைச் செய்து வருகிறேன். பொங்கல் விழாவுக்காகச் சில புதிர்கள் செய்தேன். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சில செய்தேன். அந்த அனுபவத்தில் எனக்குத் தோன்றிய கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணுக்குப் பதில் எழுத்தை வைப்பது நல்ல தொடக்கம். அதோடு நின்றுவிட்டால் தமிழுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. அடுத்த படி ஒன்று இருக்கிறது. அதற்கான வழி நம் உயிர்மெய் எழுத்திலேயே உள்ளது.

எழுத்துதான் முதலில் வந்தது

எண்தான் மூலம், எழுத்து பிறகு ஒட்டவைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். வரலாறு வேறு விதமாக இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டுக் கணித மேதை லியோனார்ட் ஆய்லர், ஒரு வரிசையில் ஒரு குறி இருமுறை வராத சதுரங்களை ஆராய்ந்தார். கட்டங்களை நிரப்ப அவர் எடுத்துக்கொண்டவை இலத்தீன் எழுத்துகள். அதனால்தான் இன்றும் கணிதத்தில் அவற்றுக்கு 'இலத்தீன் சதுரம்' என்று பெயர்.

இந்தச் சதுரத்தோடு பெட்டிகளையும் சேர்த்து, எண்களை வைத்து, 1979-இல் அமெரிக்காவின் டெல் நிறுவனப் புதிர் இதழில் ஒரு விளையாட்டு வந்தது. அதை உருவாக்கியவர் இண்டியானாபொலிஸைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் ஹோவர்ட் கார்ன்ஸ் என்று கருதப்படுகிறது. 1984-இல் ஜப்பானின் நிக்கோலி நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. அங்கே மாகி காஜி என்பவர் வைத்த பெயரின் சுருக்கமே சுடோகு. 'எண் தனித்து இருக்க வேண்டும்' என்பது அதன் கருத்து. ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற நியூசிலாந்துக்காரர் வேய்ன் கூல்ட், இப்புதிர்களை உருவாக்கும் கணினி நிரல் ஒன்றை எழுதினார். 2004 நவம்பரில் இலண்டனின் 'தி டைம்ஸ்' நாளிதழ் அவருடைய புதிர்களை வெளியிடத் தொடங்கியது. அடுத்த ஆண்டுக்குள் உலகமே சுடோகு போட ஆரம்பித்துவிட்டது.

ஆக, சுடோகுவில் எண் என்பது வெறும் அடையாளம். கூட்டல் இல்லை, கழித்தல் இல்லை. ஒன்பது பழங்களின் படத்தை வைத்தாலும் புதிர் அதே புதிர்தான்.

எத்தனை எழுத்து?

தமிழில் எழுத்துச் சுடோகு செய்யப் புகுந்தால் முதல் கேள்வியே சுவையானது. ஒரு சொல்லில் எத்தனை எழுத்து? நமக்கு இதில் குழப்பம் இல்லை. 'மலேசியா' என்பது ம, லே, சி, யா என நான்கு எழுத்து. நான்கும் வேறு வேறு. எனவே நான்குக்கு நான்கு சதுரத்துக்கு அது பொருந்தும். முதலாம் ஆண்டுப் பிள்ளைகூட அதைப் போட்டுவிடலாம்.

'திருக்குறள்' ஆறு எழுத்து, ஆறும் வேறு. ஆறுக்கு ஆறு சதுரத்துக்கு இதைவிட நல்ல சொல் கிடைக்காது. 'கோலாலம்பூர்' என்பதும் ஆறு. 'சிலப்பதிகாரம்', 'சீவகசிந்தாமணி' இரண்டும் எட்டு. 'நெகிரி செம்பிலான்' என்ற மலாய்ப் பெயருக்கு ஒன்பது மாநிலங்கள் என்று பொருள். தமிழில் எழுதினால் எட்டு எழுத்துதான் வருகிறது!

ஒன்பது எழுத்து, ஒன்றும் திரும்ப வராத சொல் வேண்டும் என்றால்தான் திண்டாட்டம். 'பல்கலைக்கழகம்' சரியாக ஒன்பது எழுத்து. ஆனால் 'க' மூன்று முறை வந்து கெடுத்துவிடுகிறது. பத்துப்பாட்டு நூல்களின் பெயர்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். நெடுநல்வாடை ஆறு, குறிஞ்சிப்பாட்டு எட்டு, பெரும்பாணாற்றுப்படை பத்து. சிறுபாணாற்றுப்படை ஒன்பதுதான், ஆனால் 'று' இருமுறை வருகிறது. பத்து நூல்களில் ஒன்பதுக்கு ஒன்பது சதுரத்தில் பிசிறின்றி அமர்வது பொருநராற்றுப்படை ஒன்றே. நம் ஊரும் நம்மைக் கைவிடவில்லை. 'ஜொகூர் பாரு நகரம்' என்று எழுதி எண்ணிப் பாருங்கள். ஜொ, கூ, ர், பா, ரு, ந, க, ர, ம். ஒன்பது எழுத்து, ஒன்பதும் வேறு!

இதே சொற்களைக் கணினியிடம் கொடுத்தால் அது வேறு கணக்குச் சொல்லும். ஒருங்குறி முறையில் 'சி' என்பது சகரம், இகரக் குறி என இரண்டு குறியீடு. மெய்யெழுத்தில் புள்ளிக்குத் தனிக் குறியீடு. ஆகவே நமக்கு எட்டெழுத்தான சிலப்பதிகாரம் கணினிக்குப் பதின்மூன்று. 'விகடகவி' என்ற சொல்லைத் திருப்பிப் படித்தால் விகடகவி என்றே வரும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். குறியீடு குறியீடாகத் திருப்பும் நிரலிடம் கொடுத்தால் இகரக் குறி முன்னால் வந்து நின்று சொல்லே சிதைந்துவிடும். ஆங்கிலத்துக்காக எழுதிய எழுத்துச் சுடோகு நிரலில் தமிழ்ச் சொல்லை அப்படியே இட்டால் இந்தக் கோளாறுதான் வரும். எழுத்து எது என்பதைத் தமிழ் இலக்கணப்படி கணினிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் நாம். கணினித் துறை மாணவர்களுக்கு இது ஒரு மாலைப்பொழுது வேலைதான்.

செய்வது எப்படி?

செய்முறை எளிது. திருக்குறளையே எடுத்துக்கொள்வோம். முதல் வரியில் சொல்லை எழுதுங்கள். இரண்டாம் வரியை நான்காம் எழுத்திலிருந்து தொடங்குங்கள்.

தி – ரு – க் – கு – ற – ள்
கு – ற – ள் – தி – ரு – க்

மூன்றாம் வரி இரண்டாம் எழுத்திலிருந்தும், நான்காம் வரி ஐந்தாம் எழுத்திலிருந்தும், ஐந்தாம் வரி மூன்றாம் எழுத்திலிருந்தும், ஆறாம் வரி கடைசி எழுத்திலிருந்தும் தொடங்க வேண்டும். இரண்டு வரி, மூன்று கட்டம் கொண்ட பெட்டிகளாகப் பிரித்துப் பாருங்கள். எதுவும் எங்கும் திரும்ப வராது. இப்போது மேலிரண்டு வரிகளை இடம் மாற்றலாம், கீழிரண்டு வரிகளை மாற்றலாம். சட்டம் கெடாமல் ஒழுங்கு மறைந்துவிடும்.

கடினமான வேலை இதற்குப் பிறகுதான். எழுத்துகளை ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும். ஒவ்வொரு முறை அழிக்கும்போதும் விடை ஒன்றே ஒன்றாக இருக்கிறதா என்று போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு விடை வந்தால் அது புதிர் ஆகாது. ஒன்பதுக்கு ஒன்பது சதுரத்தில் 17-க்குக் குறைவான குறிப்புகளைக் கொடுத்து ஒரே விடை வரச் செய்யவே முடியாது என்று 2012-இல் டப்ளினைச் சேர்ந்த கேரி மெக்குவயர் குழுவினர் கணினித் துணையோடு நிறுவினர். நான் அந்த எல்லைப் பக்கம் போவதில்லை. முப்பது எழுத்துக்குக் குறையாமல் கொடுத்துவிடுவேன். போடுகிறவர் பாவம்!

தீர்ப்பதிலும் எண்ணுக்கும் எழுத்துக்கும் வேறுபாடு உண்டு. எண்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓட்டி எது விடுபட்டது என்று கண்டுபிடித்துவிடுவோம். எழுத்துகளுக்கு அந்த ஓட்டம் இல்லாததால் சொல்லையே மனத்துக்குள் எழுத்தெழுத்தாகச் சொல்லிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 'ஜொகூர் பாரு நகரம்' புதிரில் ர், ரு, ர மூன்றும் உண்டு. புள்ளியை விட்டுவிட்டு அவசரமாக எழுதினால் ஐந்து நிமிடத்தில் புதிர் முழுவதும் பாழ். கையெழுத்தில் புள்ளி வைக்கச் சோம்பல்படும் நமக்கு இது நல்ல மருந்து.

தமிழ் தெரியாதவர் தீர்த்தால்?

இவ்வளவும் சொல்லிவிட்டு எதிர்வாதத்தையும் சொல்லத்தானே வேண்டும்?

ஒருமுறை விடுதி அறையில் நான் செய்து வைத்திருந்த ஒன்பது எழுத்துப் புதிரை என் அறைத்தோழர் எடுத்துப் பார்த்தார். அவர் சீன நண்பர். தமிழில் ஓர் எழுத்தும் அறியாதவர். ஒன்பது வடிவங்களையும் ஒரு தாளின் ஓரத்தில் வரைந்து வைத்துக்கொண்டு அரைமணி நேரத்தில் முடித்துவிட்டார். நம் மாணவர் இருவர் அதே புதிரோடு இன்னும் மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார்கள்.

எல்லாரும் சிரித்தோம். எனக்கு மட்டும் அது உறுத்தலாகவே இருந்தது. தமிழ் தெரியாமல் தீர்க்க முடிகிற புதிர், தமிழ்ப் புதிர் ஆகுமா? கணிதமும் இதைத்தான் சொல்கிறது. ஒரு சுடோகுவின் ஒன்பது குறிகளை 3,62,880 விதமாகப் பெயர் மாற்றலாம். எப்படி மாற்றினாலும் உள்ளே இருப்பது ஒரே புதிர். நாம் செய்தது உடை மாற்றம் மட்டுமே.

ஒரு திருத்தம் செய்தால் நிலைமை கொஞ்சம் மாறும். எழுத்துகளைக் கலைத்துக் கொடுத்துவிட்டு, மூலைவிட்டத்தில் மேலிருந்து கீழாக ஓர் ஊர்ப் பெயரோ நூற்பெயரோ வரும் என்று மட்டும் சொல்லலாம். ஆங்கில எழுத்துச் சுடோகுகளில் இவ்வழக்கம் உண்டு. சொல்லை ஊகிக்கத் தெரிந்தவருக்குப் பாதி வேலை மிச்சம். இங்கே தமிழ் அறிவுக்கு ஒரு கூலி கிடைக்கிறது. ஆனாலும் தமிழ் இல்லாமல் தீர்க்க முடியாது என்ற நிலை இன்னும் வரவில்லை.

உயிரும் மெய்யும்

அந்த நிலைக்கு வழி ஆய்லரிடமே இருந்தது. 1782-இல் வெளிவந்த அவருடைய கட்டுரையில் ஒரு புகழ்பெற்ற கேள்வி உண்டு. ஆறு படைப்பிரிவுகள், ஒவ்வொன்றிலும் ஆறு பதவிகளில் ஆறு அதிகாரிகள், மொத்தம் 36 பேர். எந்த வரிசையிலும் ஒரே பிரிவோ ஒரே பதவியோ இருமுறை வராமல் அவர்களைச் சதுரமாக நிறுத்த முடியுமா? இத்தகைய சதுரங்களைக் குறிக்க ஆய்லர் ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் இலத்தீன் எழுத்தும் ஒரு கிரேக்க எழுத்தும் எழுதினார். கட்டத்துக்கு இரண்டு எழுத்து.

நண்பர்களே, இங்கே சற்று நில்லுங்கள். ஒரே எழுத்துக்குள் இரண்டு ஒலி அடங்கிய எழுத்து நம்மிடம் 216 இருக்கிறதே! 'கு' என்பது ககர மெய்யும் உகர உயிரும். ஆய்லருக்கு இரண்டு எழுத்து தேவைப்பட்ட கட்டத்தில் நமக்கு ஓர் உயிர்மெய் போதும். இதோ ஒரு சிறு சதுரம்.

க – சி – து
சு – த – கி
தி – கு – ச

ஒவ்வொரு வரிசையிலும் க், ச், த் ஒவ்வொரு முறை வருகின்றன. அ, இ, உ ஒவ்வொரு முறை வருகின்றன. ஒன்பது உயிர்மெய்களில் எதுவும் திரும்ப வரவில்லை. பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த உயிர்மெய் அட்டவணையைக் கலைத்துப் போட்டதுதான் இது.

இது தமிழுக்கு மட்டுமே உரியது என்று நான் பெருமை பேச மாட்டேன். மலையாளம், தெலுங்கு, தேவநாகரி எழுத்துகளிலும் இதைச் செய்யலாம். கொரிய எழுத்திலும் செய்யலாம். நாம் நாள்தோறும் புழங்கும் ரோமன் எழுத்தில் ஓர் எழுத்தை மட்டும் வைத்து இது நடக்காது.

இந்தப் புதிரைச் சீன நண்பரிடம் காட்டினேன். இம்முறை அவர் முதல் கட்டத்திலேயே நின்றுவிட்டார். கு, சு, து மூன்றிலும் இருப்பது ஒரே உயிர் என்பதை வடிவத்தைப் பார்த்து அவரால் சொல்ல முடியவில்லை. எப்படி முடியும்? கு கீழே சுழிகிறது, சு வேறு விதமாக வளைகிறது, து இன்னொரு விதம். வாய்விட்டு ஒலித்துப் பார்த்தால்தான் உகரம் தெரியும். அவர் என்னிடம் கேட்டுக் கேட்டு உயிர்மெய் கற்றுக்கொண்டுதான் அதை முடித்தார். தமிழ்ப் புதிர் என்று சொல்ல இப்போது எனக்குத் தயக்கமில்லை.

எல்லா அளவிலும் இது வருமா என்று கேட்பீர்கள். இரண்டில் வராது. ஆறிலும் வராது. ஆய்லரின் 36 அதிகாரிகளை அப்படி நிறுத்த முடியாது என்று 1901-இல் பிரெஞ்சுக்காரர் காஸ்டன் டாரி காட்டினார். பத்து, பதினான்கு போன்ற அளவுகளிலும் முடியாது என்றுதான் ஆய்லர் கருதினார். 1959-இல் அந்தக் கருத்தை உடைத்த மூவரில் இருவர் இந்தியர்கள்: ஆர். சி. போஸ், எஸ். எஸ். ஸ்ரீகாண்டே. மூன்றாமவர் அமெரிக்கரான இ. டி. பார்க்கர். அச்செய்தி 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் முதல் பக்கத்தில் வந்தது. இரண்டும் ஆறும் தவிர மற்ற எல்லா அளவுகளிலும் இச்சதுரம் உண்டு என்பது இன்று உறுதி. ஆகவே பன்னிரண்டு உயிரையும் பன்னிரண்டு மெய்யையும் வைத்து 144 உயிர்மெய்களும் ஒவ்வொரு முறை வரும் பெரிய சதுரமும் செய்யலாம்.

விளையாட்டுக்கு நேரமா?

"தமிழுக்கு எத்தனையோ சிக்கல் இருக்க, கட்டம் போட்டு விளையாடச் சொல்கிறீரா?" என்று மூத்தவர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி.

நம் நிலையைப் பாருங்கள். நம்மில் பலர் பொறியியலும் கணினியியலும் கணக்கியலும் படிக்கிறோம். பாடம் ஆங்கிலத்தில், அலுவல் மலாயில். எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்த்தாள் எழுதிய அன்றோடு கையால் தமிழ் எழுதுவதை நிறுத்தியவர்கள் நம்மில் எத்தனை பேர்? புலனத்தில் அம்மாவுக்கு அனுப்பும் செய்தியைக்கூட ரோமன் எழுத்தில்தானே தட்டுகிறோம்? பேச்சில் தமிழ் இருக்கிறது. எழுத்து நம் விரல்களைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. ஆண்டுக்கொருமுறை மேடையில் தமிழை வாழ்த்துவதால் அது திரும்பி வராது. நாளுக்குப் பத்து நிமிடம் கையில் பென்சிலோடு தமிழ் எழுத்தை எழுதவைக்கும் எதுவும் பயனுள்ளதே.

மேலும், எழுத்தை வைத்து விளையாடுவது நம் முன்னோர்க்கு இழுக்காகத் தோன்றவில்லை. தண்டியலங்காரம் சித்திரகவிகளுக்கு இலக்கணம் சொல்கிறது. திருப்பிப் படித்தாலும் அதே பாட்டாக வரும் மாலைமாற்றைத் திருஞானசம்பந்தர் பாடியிருக்கிறார். எட்டெழுத்து அடிகள் நான்கை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, குறுக்கே படித்தாலும் மேலும் கீழுமாகச் சுழன்று படித்தாலும் அதே பாட்டு வரும்படி அமைத்தது சுழிகுளம். கட்டத்துக்குள் எழுத்தை அடுக்குவது நமக்கு ஜப்பானிலிருந்து வந்த புதுப்பழக்கம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

நம் மொழிக் கழகத்துக்கு என் வேண்டுகோள் மூன்று. ஆண்டிதழில் இனி ஒரு பக்கத்தை எழுத்துப் புதிருக்கு ஒதுக்குங்கள். கணினி மாணவர்கள் தமிழ் எழுத்தைச் சரியாகப் பிரிக்கும் ஒரு சிறு நிரலை எழுதி எல்லாருக்கும் பொதுவில் வையுங்கள். தாமான் துன் அமினா, மாசாய் போன்ற அருகிலுள்ள தமிழ்ப்பள்ளிகளுக்கு வழிகாட்டிப் பயிலரங்கு நடத்தப் போகும்போது நான்கு கட்ட 'மலேசியா' புதிரையும் மூன்று கட்ட உயிர்மெய்ச் சதுரத்தையும் கையோடு கொண்டுபோங்கள். உயிர்மெய் அட்டவணையை ஒப்பிக்க முகம் சுளிக்கும் பிள்ளை, அதே எழுத்தைக் கட்டத்துக்குள் தேடிப் பிடிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சொன்னதோடு விடாமல் ஒரு புதிரையும் தருகிறேன். க், ச், த், ப் நான்கு மெய். அ, ஆ, இ, உ நான்கு உயிர். எந்தக் குறுக்கு வரிசையிலும் நெடுக்கு வரிசையிலும் ஒரு மெய்யோ ஓர் உயிரோ இருமுறை வரக்கூடாது. பதினாறு உயிர்மெய்களும் ஒவ்வொரு முறைதான் வர வேண்டும்.

க – சா – தி – பு
சி – ▢ – ▢ – ▢
▢ – ▢ – கா – ▢
▢ – ▢ – ▢ – ▢

தொடங்கி வைக்கிறேன். மூன்றாம் நெடுக்கு வரிசையில் த், க் வந்துவிட்டன. மீதி ச், ப். இரண்டாம் வரியில் ஏற்கெனவே 'சி' இருப்பதால் அங்கே ச் வராது. ப்தான் வர வேண்டும். அதே நெடுக்கு வரிசையில் இகரமும் ஆகாரமும் போய்விட்டதால் அந்தக் கட்டம் 'ப' அல்லது 'பு'. 'பு' முதல் வரியிலேயே வந்துவிட்டது. ஆகவே 'ப'. அதே வரிசையின் கடைசிக் கட்டத்தில் மிஞ்சுவது 'சு'.

மீதி எட்டுக் கட்டங்கள் உங்களுடையவை. முன்னாள் மாணவர்களும் முயன்று பார்க்கலாம். முடித்த பிறகு, ஐந்து மெய், ஐந்து உயிர் கொண்டு நீங்களே ஒன்று செய்து கழகத்துக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் நாங்கள் தீர்க்கிறோம்.